தூணில் ஒரு வளையம்

ஏரித் தண்ணீரில் பட்ட மத்தியான வெயில் சின்னச் சன்னல் வழியே நிலவறைக்குள் வந்து, கற்கூரையில் நெளிந்துகொண்டிருக்கிறது. ஏரியில் போன படகுகளிடம் தீர்வை வாங்குவதற்காகப் பிரபுக்கள் கட்டிய பழைய கோட்டை. சுவருக்கு அப்பால் அலை மோதுகிற சத்தம். ஊரிலிருந்து யார் வந்தாலும் தில்லைநாதன் முதலில் இங்கேதான் கூட்டிவருவான். ஜெனீவாவிலிருந்து ரயில், பைக்குள் மீன் ரோல்ஸ், பிறகு கைதிகளைக் கட்டிய தூணில் தொங்குகிற இரும்பு வளையத்துக்குள் கையை விட்டு ஒரு படம். வந்தவர்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்து நின்றிருக்கிறார்கள். இன்றைக்கு வந்திருப்பது அவனுடைய யோகாம்பாள் அக்கா.

"கையை உள்ளுக்கு விடுங்கோ அக்கா. கொஞ்சம் சிரியுங்கோவன்."

அக்கா வளையத்தைத் தடவிப் பார்க்கிறாள். விரலில் துரு ஒட்டுகிறது. ஊரில் மகனை ஆமி பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து, அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவன் எங்கே என்று கேட்டு ஆமிக் காம்ப் வாசல்கள் எல்லாம் ஏறி இறங்கியவள் அவள். தில்லைநாதனுக்கு அது தெரியும். தெரிந்தும், டிக்கெட் எடுக்கும்போதுகூட அந்த நினைப்பு வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

"பிள்ளையளை இங்கை கட்டி வச்சிருந்தது தாய்மாருக்குத் தெரியுமோ தம்பி?"

"அது... பழைய காலத்துக் கதை அக்கா."

"ஓம். எண்டாலும், எந்த வாசலிலை வந்து கேட்டிருப்பினம்?"

அவன் தூக்கிப் பிடித்த போனைத் தாழ்த்துகிறான். வேண்டாம், வாங்கோ போவம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், தம்பி ஆசையாகக் கேட்டதற்காக, அக்கா வளையத்துக்குள் கையை விட்டு, சிரிக்கிறாள்.