ஏழு பத்துக்கு என்ன நடந்தது?

"கொஞ்சம் வாயை மூடுறியாம்மா? இது ஆஸ்பத்திரி."

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அம்மா அடங்குகிற ஆளா?

"சட்டைப் பட்டனைக்கூட மாத்திப் போட்டிருக்கீங்க. வயசு மட்டும் அறுபத்தெட்டு!" என்று கணவரைத் திட்டிக்கொண்டே, பட்டனைச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்பா வழக்கம்போல் காதிலேயே விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அட்டாக் வந்து மூன்று மாதம் ஆகிறது. கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை இந்தத் திட்டுதான். இப்படி நச்சரித்தால் நல்ல இதயமே நின்றுவிடும், ஸ்டென்ட் வைத்த இதயம் என்ன பாடுபடும்? மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் ஒரு முடிவெடுத்திருந்தான். அம்மா இனி அக்கா வீட்டில். அப்பா இங்கே, நிம்மதியாக. அப்பாவிடம் தனியாக, பக்குவமாக, குரலே உயர்த்தாமல் சொல்லியும் ஆயிற்று. "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். நேற்று முழுக்க அப்பாவின் மார்பில் ஒட்டியிருந்த கருவி பதிந்த இதயத்துடிப்பு, கம்ப்யூட்டர் திரையில் ஓடியது. பக்கத்தில் அப்பாவின் நோட்டு. நாள் முழுக்க என்னென்ன நடந்தது என்று மணி போட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

"அடேங்கப்பா, தும்மினதைக்கூட எழுதியிருக்கீங்களே!"

"ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர் டாக்டர். நிமிஷம் பிசகாது" என்றாள் அம்மா பெருமையாக.

டாக்டரம்மா படித்தார். "எட்டு இருபது, மனைவி திட்டு. பதினொண்ணு அஞ்சு, மனைவி திட்டு. ஒண்ணே கால், மனைவி திட்டு, பலமாக..."

"பார்த்தீங்களா டாக்டர்? நான் சொன்னேன்ல!" என்று மகன் முந்திக்கொண்டான்.

"பார்த்தேன். துடிப்பு எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்திரெண்டு. அவங்க திட்டும்போதுதான் உங்க அப்பா இதயம் அலுங்காம ஓடுது" என்று சிரித்தார்.

மகன் முகம் தொங்கிப்போனது.

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"ஆனா சாயங்காலம் ஏழு பத்து. நூத்தி நாப்பது! நடுநடுவே துடிப்பு தப்பியிருக்கு. நீடிச்சிருந்தா இன்னைக்கு இப்படி உட்கார்ந்து பேசிட்டிருக்க மாட்டோம். மாடிப்படி ஏறினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப மனசுதான். இந்த இதயத்துக்கு மாடிப்படியும் மனக்கஷ்டமும் ஒண்ணுதான். நோட்டுல அந்த இடம் மட்டும் காலியா இருக்கே, என்ன நடந்தது?"

அப்பா தரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல."

நிமிஷம் பிசகாத மனுஷனுக்கு ஞாபகம் இல்லையாம்!

அம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் சட்டென்று. "ஏழு பத்துக்கு ஒண்ணுமில்லாத விஷயத்துக்குப் பெரிய சண்டை போட்டேன். எல்லாம் என் வாயால வந்தது."

"கேட்டீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க!" மகனுக்கு உயிர் வந்தது.

"சரி, இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?"

மகன் ஃபைலைத் திறந்தான். மேலேயே நேற்றைய மருந்துக் கடை பில் இருந்தது. 'மாத்திரை தீர்ந்துபோச்சும்மா, நீயே போய் வாங்கிட்டு வா' என்று மூன்று தெரு தள்ளியிருக்கும் கடைக்கு அவன்தான் அம்மாவை அனுப்பினான். பில்லின் அடியில் நேரம் அச்சாகியிருந்தது.

7.12.



ஏழு பத்துக்கு அம்மா வீட்டிலேயே இல்லை. அப்பாவின் எதிரே உட்கார்ந்து, குரலே உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தது அவன்தான்.