விண்மாலுமிக்கு வந்த கூட்டம்

"அக்கா, இந்த ஆட்டத்துக்காவது யாராச்சும் டிக்கெட் வாங்கினாங்களா?"

"ரெண்டு பேர். மழைக்கு ஒதுங்கினவங்க. தூறல் விட்டதும் ஒருத்தர் எழுந்து போயிட்டார்."

தியேட்டர்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். டிக்கெட் அறையில் அவருடைய அக்கா, விற்காத டிக்கெட் கட்டின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அப்பா விட்டுப்போன தியேட்டர். தம்பிக்குப் படம், அக்காவுக்கு ஜன்னல் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள். இந்தப் படமும் கைவிட்டால் நாளை மெத்தை வியாபாரி வந்து சாவியை வாங்கிக்கொள்வார். திரை இருந்த இடத்தில் மெத்தைகள் அடுக்கிக் கிடக்கும்.

"படம் படுத்தா மெத்தைதானே போடணும்" என்று அக்கா நேற்றே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

ஓடுவது லேசுப்பட்ட படமும் அல்ல. விண்மாலுமி. முந்தைய ஐந்து பாகங்களும் இதே தியேட்டரில், தெருமுனை வரை வரிசை நிற்க ஓடியவை. கதாநாயகன் ஒரு விண்கப்பலை எடுத்துக்கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே போவார். அவ்வளவுதான், தொலைந்தார் என்று எல்லாரும் மூச்சைப் பிடிக்கும்போது சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். அந்த நடிகரின் சொந்தப் பெயர் ஊரில் பலருக்கு மறந்தேபோய்விட்டது. மாலுமி என்றால் அவர்தான்.

"அஞ்சு பாகம் தலைமேல வச்சுக் கொண்டாடினவங்களுக்கு ஆறாவதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றார் தம்பி. "கம்பெனி அனுப்பின போஸ்டர்ல வெறும் கப்பல்தான் இருந்துச்சு. நான்தான் அதைத் தூக்கிட்டு மாலுமியோட சிரிச்ச முகத்தைப் பெருசா போடச் சொன்னேன். சுத்தி நட்சத்திரம். ஆறாம் பாகம்னு போட்டா பழசு பார்க்காதவன் பயந்துடுவான்னு அதையும் எடுத்தாச்சு. கீழே வாசகம்கூட நானே உட்கார்ந்து எழுதினேன். ஊர் பூரா சுவர்ல அதான். நீதான் இன்னும் பார்க்கலை."

"எங்கே பார்க்கிறது? வீடு பின்னாடி, வர்ற வழியும் பின்னாடி. இந்த ஜன்னல்லேருந்து வாசல்ல நீ நிறுத்தின போர்டோட முதுகுதான் தெரியுது."

ஆனால் போர்டுக்கு முன்னால் நிற்பவர்களின் முகங்கள் தெரிந்தன. அக்காவுக்குப் புரியாததும் அதுதான். விட்டு விட்டுத் தூறியதில் தெருவே அரைத் தூக்கத்தில் இருந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட அந்த இடத்தில் நடையைத் தளர்த்திக்கொண்டு, கொஞ்சம் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. அரங்கத்துக்குள்ளிருந்து விண்வெளி இசை மெல்லக் கசிந்து ஈரக் காற்றில் கலந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அத்தனை பேரும் தரையில் கால் படாமல் மிதந்து போகிறார்களோ என்று தோன்றியது. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"பார்த்தியா மரியாதையை" என்றார் தம்பி, கனவில் பேசுகிறவர் போல. "மனசுல இவ்வளவு ஆசை இருக்கு. உள்ளே வர மட்டும் கால் வரலை."

தூறலிலேயே குடையை மடக்கிக்கொண்டு வெகுநேரம் நின்ற ஒருவர் ஜன்னலருகே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஏம்மா, வெள்ளிக்கிழமையேவா?"

"ஆமாங்க. காலைல பத்தரைக்கு."

"கூட்டம் இருந்துச்சா?"

"எங்கேங்க. விரல் விட்டு எண்ணிடலாம்."

அவர் நம்ப மாட்டாமல் தலையை ஆட்டினார். "அவ்வளவு பெரிய மனுஷனுக்கா? நானாவது வந்திருக்கணும். ஆபீஸ்ல விடலை."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலையே. உள்ளே போய்ப் பாருங்க."

"வேண்டாம்மா, எனக்கு அந்தத் தைரியம் இல்லை." அவர் போர்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "இதே தியேட்டர்லதான் அவரை முதல்ல பார்த்தேன். எங்கப்பா மடியில உட்கார்ந்து. அந்தச் சிரிச்ச முகமே மனசுல இருந்துட்டுப் போகட்டும்."

அவர் நகர்ந்ததும் தம்பி பல்லைக் கடித்தார். "படத்தைப் பத்தி எவனோ கண்டபடி கிளப்பி விட்டிருக்கான்க்கா. பார்க்கத் தைரியம் இல்லைங்கிற அளவுக்கு."

அந்த மனிதர் திரும்பவும் போர்டுக்கு முன்னால் போய், பையிலிருந்து ஒரு வெள்ளைப் பூங்கொத்தை எடுத்துக் குனிந்து வைப்பதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூ வைக்கிறார் பாரு" என்று தம்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இந்த மனசு இருக்கிற ஊர்ல படம் ஓடாம போயிடுமா? சாயங்கால ஆட்டத்துக்குப் பாரு, கதவை மூட முடியாது."

அக்கா டிக்கெட் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். இந்த மூன்று நாளில் முதல் தடவையாக முன்வாசல் வழியே தெருவில் இறங்கினாள். போர்டின் காலடியில் ஒரு கொத்து அல்ல, முழங்கால் உயரத்துக்குப் பூக்கள் நனைந்து கிடந்தன. மேலே நட்சத்திரங்களுக்கு நடுவே மாலுமி, எங்கோ தொலைவைப் பார்த்து, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் மோவாய்க்குக் கீழே தம்பி உட்கார்ந்து எழுதிய வாசகத்தை, அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தாள்: "நம் அன்பு மாலுமியின் இறுதிப் பயணம். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி."