வைத்தியச்சிக்குத் தெரியாதவள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டில், போன ஞாயிறு ரேணுகாவின் பாத்திரமான வில்லாளி பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனாள். இந்த வாரம் ஆட்டத்தை நடத்தும் பெஞ்சமின், பாத்திரத்தின் குணங்களை எழுதும் புதுத் தாளை நீட்டினான். "வேற ஆளை உருவாக்கிக்குங்க. ஒரே விதி, செத்தவளுக்குத் தெரிஞ்ச எதுவும் இவளுக்குத் தெரியக் கூடாது."

ரேணுகா ஒரு வைத்தியச்சியை உருவாக்கினாள். பலத்துக்கு ஆறு புள்ளி, பொறுமைக்குப் பதினேழு என்று தாளில் எழுதினாள். வைத்தியச்சி பாலத்துக்கு வந்தபோது வில்லாளியின் புருஷன் அங்கே அழுதுகொண்டிருந்தான். அவனாக ஆடுவது ரேணுகாவின் கணவன் சதானந்தம். வீட்டில் அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"யாருக்காக அழறீங்க?" என்று ரேணுகா விதிப்படி கேட்டாள்.

"என் பொண்டாட்டிக்காக." சதானந்தம் பகடையை உருட்டாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தான். "தூக்கத்துல சிரிப்பா. கோவம் வந்தா கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவா. நான் உள்ள வந்தா பாட்டை நிறுத்திடுவா."

ரேணுகா குழம்பிப்போய் வில்லாளியின் பழைய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் ஒன்றைக்கூட அவள் எழுதியிருக்கவில்லை. கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவுவது ரேணுகாவின் பழக்கம்தான்; ஆனால் தூக்கத்தில் சிரிப்பது யார்?

"விதியை மறந்துடாதீங்க" என்றான் பெஞ்சமின். "உங்களுக்கு அவங்களைத் தெரியாது."

"ஆமா, தெரியாது" என்றாள் ரேணுகா. பிறகு கணவனைப் பார்த்து, "இன்னும் சொல்லுங்க" என்றாள்.