பின்லாந்து சிரித்த அலறல்

பால் பொங்கி வழிந்த அன்று சண்முகவடிவு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அலறியதை வீட்டைக் காவல் காக்கும் பேசும் கேமரா படம்பிடித்து உலகுக்குக் காட்டியது. மொழி தெரியாத பின்லாந்து விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எல்லாக் கேமராக்களுக்கும் அந்த அடி என்றால் காமெடிதான்.

இன்று மத்தியானம் சோற்றில் கைவைத்த கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"ஐயோ, ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு கேமராவிடம் கதறினாள்.

"பிரமாதம்மா! பின்லாந்துல ஒரே சிரிப்பு," என்றது கேமரா.

"விளையாட்டில்ல, அவரு சாகக் கிடக்காரு!"

"அடிச்சுக்காம, அமைதியா சொன்னாத்தான் நிஜம்னு எடுத்துக்குவேன்."

சண்முகவடிவு இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். கணவரின் கண்கள் மேலே செருகின.

கைகள் தாமாக விடுபட்டு வந்து வயிற்றில் அறைந்தன.