குல்லா தாமதமான காரணம்

சாம்சன் ஷைனியின் கையிலிருந்த இரு பின்னல் ஊசிகளுள் வெறுமையாக இருந்ததைப் பறித்தான். அவளது இடது உள்ளங்கையைக் கட்டில் சட்டத்தின்மீது விரித்துப் பிடித்து, அந்த ஊசியை அதிலே இறக்கினான்.

மறு கையிலிருந்த ஊசியை அவள் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்த கண்ணிகளுள் ஒன்றுகூட நழுவவில்லை.

“கல்யாணம் ஆன நாளா குல்லா பின்னிக்கினு கீற. இதுக்கு மட்டும் இன்னாடி நோவு, இவ்ளோ நாளு இயுக்குற?”



அவன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலையின் முன்னே நிற்பவன். தலைக்கவசத்தினுள் முகத்தைச் சுற்றி மங்கி குல்லா அணிந்தே உலையை நெருங்குவான். பழைய குல்லா பொத்தலாகிவிட்டது. நேற்றுத் தெறித்த பொறியொன்று அவன் காதோரத்தைச் சுட்டிருந்தது.

ஆட்டுக் கம்பளியின்மீது தீத்துளி விழுந்தால், அவ்விடம் கருகி அணைந்துவிடும். நைலானோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் முகமும் சேர்ந்து வரும். திருமணமான புதிதில் இதனை அவனுக்கு விளக்கியவள் ஷைனியே.

பள்ளிப் பருவம் முதல் அவள் நேசித்தவை பருத்தியும் கம்பளியுமே. புதிய நூலை வாங்கியதும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்; அதில் எஞ்சியிருக்கும் ஆட்டு வாடையை ஆழ்ந்து முகர்வாள். கடைக்காரர் நைலானை எடுத்துக் காட்டினால், அவமதிக்கப்பட்டவள் போல எழுந்து வந்துவிடுவாள்.

சாம்சனுக்கோ நூலைத் தொட்டுப் பார்த்தாலும் எது கம்பளி, எது நைலான் என்று தெரியாது. நூல் சாம்பல் நிறமாக இருந்தால் போதும்.

அவன் ஊசியைப் பிடுங்கி அவள் மடியில் எறிந்தான். அவள் அதனைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எஞ்சிய வரிசைகளைப் பின்னி முடித்தாள். குல்லாவின் விளிம்பு நனைந்திருந்தது.

சாம்சனைப் பிற்பகல் வேலைக்கு அழைத்துச் செல்ல வந்த, உடன் உலையில் வேலை செய்யும் தணிகைவேல், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

“இன்னா தங்கச்சி, குல்லாவுக்குச் செவப்புச் சாயம் ஏத்திக்கினு கீறியா?”

சாம்சன் சிரித்தான். ஈரம் காயாத குல்லாவைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

வண்டியின் ஓசை அடங்கியதும் ஷைனி கையைத் துணியால் இறுகக் கட்டினாள். பின்னர் கட்டிலின் அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள்.

உள்ளே சாம்பல் நிற நைலான் நூல் குவிந்து கிடந்தது.

முதலில் இந்த நூலைக் கொண்டுதான் அவள் அவனுக்குக் குல்லா பின்னினாள். கழுத்துவரை முடித்தும் விட்டாள். பிறகு மனம் பொறாமல் முழுவதையும் பிரித்துப் போட்டு, கம்பளியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள்.

பிரித்த நூலின் நெளிவுகள் இன்னும் நிமிரவில்லை.

அவள் அதன் நுனியைத் தேடி எடுத்தாள். கட்டுப் போட்ட கையின்மீது வைத்து, உருண்டையாகச் சுற்றத் தொடங்கினாள்.