எண்பத்தாறு

அவள் வேலை முடிந்து வந்ததும் கணவரின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று மூன்று. அறை வாசலிலேயே ஒரு மணி நேரம் காவல் இருந்துவிட்டுப் பார்த்தால் எண்பத்தாறு. காரணம்தான் பிடிபடவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. பாத்ரூம்ல சிகரெட் பிடிக்கிறீங்களா?"

"உன் மேல சத்தியமா இல்ல."

"என் மேல பண்ணாதீங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

சிரிக்கப் போன கணவருக்கு மூச்சு வாங்கியது. அவள் அவர் சட்டையை மோந்து பார்த்தாள்.

போன வாரம் அவருடைய பழைய சட்டைப் பையில் தீப்பெட்டி கிடைத்தது. ஆக்சிஜன் ஓடும் வீட்டுக்கு ஒரு பொறி போதும். அன்றிலிருந்து மாலை முழுவதும் அறை வாசலில் நாற்காலி போட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் மெஷின்காரரை வரவழைத்தாள். ஹாலில் இருக்கும் மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நீளக் குழாய் வழியாக அறைக்கு அனுப்பும். முகப்பிலுள்ள கண்ணாடிக் குழலில் ஒரு குட்டிப் பந்து மிதக்கும். ஓட்டம் குறைந்தால் பந்து இறங்கும்.

"பந்து சரியாத்தான் நிக்குதுக்கா."

"மெஷின் சரிதான் தம்பி. ஆள்தான் சரியில்ல," என்றபடி அவள் வழக்கம்போல் வாசலில் போய் உட்கார்ந்தாள்.

பந்து கீழே இறங்கியது.

"அக்கா, கொஞ்சம் எழுந்திருங்க."

ஏறியது.

"உட்காருங்க."

இறங்கியது.

மெஷின்காரர் வந்து நாற்காலிக் காலுக்கடியில் இருந்த கால்மிதியைத் தூக்கினார். யாரும் தடுக்கி விழக் கூடாதென்று அவள்தான் குழாயை அதற்கடியில் விட்டிருந்தாள்.

"நாற்காலியை உள்ள, அவர் பக்கத்துல போட்டுக்குங்கக்கா. குழாயைச் சுவரோரமா விடுங்க. போதும்."