வாசல் வைக்காத அறை

"அண்ணாச்சியாலதான் எல்லாம் போயிடுத்து!"

திவ்யலட்சுமி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மூணு வருஷம், ஒரு மழைக்காலம் விடாமல் பொன்முடி மலை ஏறி, அட்டை கடிக்கக் கடிக்க நின்று பதிவு செய்த தவளைச் சத்தம். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் ஆராய்ச்சியைச் சோதிக்க ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்குப் பார்த்தால் ஃபோல்டர் காலி.

ஆராய்ச்சி நிலையமே சர்வர் அறையில் கூடிவிட்டது. எல்லார் கண்ணும் சர்வர் பார்க்கிற பகவதிப்பெருமாள் மேல்தான்.

கஞ்சன் அண்ணாச்சி என்றுதான் அவருக்குப் பேர். தினமும் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் தம்பானூர் ஸ்டேஷன் வந்து இறங்குகிற மனுஷன். வந்ததும் முதல் வேலை, 'இடம் இல்லை, வேண்டாததை அழியுங்கள்' என்று எல்லாருக்கும் ஒரு மெயில். ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தால் கொடுத்ததுதான். காலில் விழுந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது.

"நேத்திக்கும் மெயில் போட்டேளே! அதான் பார்த்தேன். என் ஃபோல்டர்ல ஒரு தவளை, பொது ஃபோல்டர்ல ஒரு தவளை. ரெண்டு காப்பி எதுக்குன்னு பொதுவுல இருந்ததை அழிச்சேன். ரெண்டுமே போயிடுத்து!"

"எம்மா, அது ரெண்டு இல்ல, ஒண்ணு," என்றார் பகவதிப்பெருமாள். "வால்யூம்னா ஒரு அறைன்னு வச்சுக்கோ. மவுண்ட் பண்ணுகதுன்னா அதுக்கு வாசல் வைக்கது. எல்லாரும் கேக்கட்டும்னு உன் அறைக்கு ரெண்டு வாசல் வச்சேன். நீ பொது வாசல் வழியா உள்ள போயி அறையையே தூத்து வாரிட்டே."

"ராத்திரி பேக்கப் உண்டல்லோ?" என்றான் கூட வேலை பார்க்கிற ஸ்ரீகண்டன்.

"உண்டு. இந்தப் பிள்ளை அழிச்சது நேத்து சாயங்காலம். ராத்திரி அது பழைய காப்பி மேலயே காலி அறையைக் காப்பி எடுத்திருக்கு."

திவ்யா மறுபடி விசும்பினாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. கதவைச் சாத்திட்டு நான் பாக்கேன்," என்றார் பகவதிப்பெருமாள்.

"அதென்ன, கதவைச் சாத்திட்டு?" என்றான் ஸ்ரீகண்டன்.

ஸ்ரீகண்டனுக்கு அவர் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. ரெண்டு வருஷம் முன்னால், கல்யாண வீடியோவை ஆபீஸ் சர்வரில் வைத்தான் என்று நாலு பேர் நடுவே அழிக்க வைத்தார். அடுத்த மாதமே, அதன் இன்னொரு காப்பி இருந்த வீட்டு ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் பெண்டாட்டி முகம் பலூன் மாதிரி வீங்கும். அன்றிலிருந்து அண்ணாச்சியோடு அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

திரையில் திறந்து கிடந்த சர்வர் பட்டியலை இப்போது உற்றுப் பார்த்தான்.

"மேடம், இங்க நோக்குங்க! இத்தாம் பெரிய வால்யூம் ஒண்ணு கிடக்கு. எங்கயும் மவுண்ட் பண்ணலை. நம்மளை அழி அழின்னுட்டு, இவர் மட்டும் வாசல் வைக்காம என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கார்?"

"சினிமாவா இருக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைவர் ஜெயலக்ஷ்மி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பெருமாள், அதை இப்பவே மவுண்ட் பண்ணுங்கோ. எல்லார் முன்னாலயும்."

"வேண்டாம் மேடம்..."

"பண்ணுங்கோ."

பகவதிப்பெருமாள் பெருமூச்சு விட்டு ஒரே ஒரு வரி தட்டினார். வாசல் திறந்தது.

உள்ளே வரிசையாகப் பேர்கள். நாற்பத்தோரு பேர். ஒவ்வொன்றிலும் போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

"ஞாயிறுதோறும் எல்லாருக்கதையும் ஒரு காப்பி எடுத்து இதுல போடுவேன். உங்ககிட்ட பிச்சுப் பிடுங்கின இடம்தான் இது. வாசல் வச்சா ஒருநாள் தாங்குமா? ரெண்டாவது காப்பி எதுக்குன்னு இதையும் வாரியிருப்பியளே!"

திவ்யா பாய்ந்து வந்து தன் பேரைத் தட்டினாள். ஸ்பீக்கரில் 'க்ர்ர்ர்... டொக் டொக் டொக்!' என்று அறை அதிர்ந்தது.

"இவன்தான்! பொன்முடி இருபத்திரண்டாம் வளைவுக்காரன்!" அழுத கண்ணோடு குதித்தாள். "இன்னொருத்தனும் இருக்கான், கேளுங்கோ!"

அத்தனை பேரும் சிரிக்க, தவளையும் விடாமல் கத்த, ஸ்ரீகண்டன் மட்டும் சத்தமில்லாமல் தன் பேரைத் திறந்தான். உள்ளே கல்யாண வீடியோ.

"அண்ணாச்சி... இது... நான் அழிச்சதல்லே?"

"உன் இடத்துல இருந்து அழிக்கச் சொன்னேன். தாலி கட்டினதை எவனாவது ஒரேயடியா அழிப்பானாடே? நீ அழிக்கதுக்கு முந்தின ஞாயிறு காப்பியில கிடந்தது, தனியா ஒதுக்கி வச்சேன். கேட்டா தந்திருப்பேன். நீதான் மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனியே."

ஸ்ரீகண்டன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். "கிடைச்சு! கிடைச்சு!" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "எந்தா? எந்தா?" என்று அந்தப் பக்கம் பெண்டாட்டி பதறுவது எல்லாருக்கும் கேட்டது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் கீழேயிருந்து மேலே.

"நாம நாற்பத்திரண்டு பேர் ஆச்சே. உங்க பேரைக் காணோமே பெருமாள்?"

பகவதிப்பெருமாள் பிடரியைச் சொறிந்தார்.

"என் பேரும் இருந்துது மேடம். கல்யாண வீடியோ உள்ள வரணும்னா எதையாவது வெளிய எடுக்கணும்லா?"